அவர் உள்ளே இருக்கிறார்

"அவரு எங்க?" என்றார் வீட்டுக்காரர்.

ஓய்வு பெறும்வரை ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவர் அவர். கேட்ட தொனியும் "டிக்கெட் எங்க?" என்பது போலத்தான் இருந்தது. மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை. குழாயில் தண்ணீர் வந்தது; ஜன்னல் தாழ்ப்பாள்கூட ஒழுங்காக விழுந்தது. இதுவும் கை நழுவிப் போய்விடுமோ என்று வேன்காரம்மா பயந்தாள். பதினோரு வயது மகள் அதற்குள் எந்த மூலையில் படுக்கலாம் என்று பார்த்து வைத்துவிட்டாள்.

"அவரு இப்ப இங்க இல்லைங்க," என்றாள் வேன்காரம்மா.

அது சத்தியமான உண்மை. சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டு வருகிறேன் என்று போன மனுஷர் மூன்று வருஷமாகத் திரும்பவில்லை. எந்த டயருக்கும் அவ்வளவு காற்று பிடிக்காது.

"வெளியூர் வேலையா?"

கூட வந்திருந்த சலூன்காரர் முந்திக்கொண்டார். "அவரு எங்க இருக்காரு, எப்ப வருவாருன்னு கட்டின பொண்டாட்டிக்கே தெரியாதுங்க."

"ஓ, பெரிய உத்தியோகமா இருக்கும்போல!" கேள்வியையும் கேட்டுப் பதிலையும் தானே சொல்லிக்கொள்கிறவரிடம் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. "எதுக்குக் கேக்கறேன்னா, நான் குடும்பத்துக்குத்தான் வீடு விடுவேன். அவரு இல்லாத பொம்பளைங்களுக்கு விடறதில்ல. நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?"

சாவி கைக்கு வந்தது.

இருபத்திரண்டு குழந்தைகளைத் தினமும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போய் இறக்கி, திரும்ப ஏற்றி வருகிறவள் வேன்காரம்மா. ஸ்டியரிங்கைப் பிடிக்க அவர் எங்கே என்று ஒரு பெற்றோரும் கேட்டதில்லை. வீடு கேட்டுப் போனால் மட்டும் எல்லோருக்கும் அவர் வேண்டும். கணவன் இனி வரப்போவதில்லை என்று தெரிந்ததும் பழைய வீட்டுக்காரர் வெள்ளையடிக்க வேண்டும் என்று காலி செய்யச் சொன்னார். அடித்த வெள்ளை காய்வதற்குள் வேறொரு குடும்பம் குடி வந்தது. அப்புறம் அம்மாவும் மகளும் ஏறி இறங்காத வாசல் இல்லை. கடைசியில் சலூனுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் வேனை நிறுத்தி, பதினோரு நாள் அதற்குள்ளேயே குடித்தனம் நடத்தினார்கள்.

யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்தாள். ஆனால் வேனில் வரும் சின்னப்பெண் ஒருத்தி, கடைசி சீட்டுக்கு அடியில் குக்கரைக் கண்டுபிடித்துவிட்டாள். வீட்டுக்குப் போய், "எங்க வேன்ல கிச்சன் இருக்கு, நானும் வேன்லயே இருக்கணும்!" என்று தரையில் புரண்டு அழுதாள். அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். குக்கர் என்ற ஒரு சொல்லிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நேரே சலூன்காரரிடம் போய், "உங்க கடைக்குப் பின்னால ஒரு குடும்பம் பதினோரு நாளா வேன்ல கெடக்கு. நீங்க என்னத்தப் பாத்துக்கிட்டிருந்தீங்க?" என்று பிடித்துக்கொண்டாள். "தலையத்தாம்மா பாத்தேன்," என்றார் சலூன்காரர் பாவமாக. அதற்குப் பரிகாரமாக அவர் தேடிப் பிடித்ததுதான் இந்த மாடி.

ஒரு மாதம் போயிற்று. வீட்டுக்காரருக்கு மூக்கில் வியர்க்க ஆரம்பித்தது.

"மேல ஒரு ஆம்பள இருக்கற அறிகுறியே இல்லையே? ஒரு வாரம் பாப்பேன். இல்லன்னா காலி பண்ணிடுங்க."

அறிகுறிதானே வேண்டும்? தெருவே சேர்ந்து ஓர் ஆளைத் தயார் செய்தது. நர்ஸின் கணவர் ஆஜானுபாகு. அவருடைய சட்டை திங்கட்கிழமை மொட்டை மாடிக் கொடியில் படுதா போல ஆடியது. செவ்வாய்க்கிழமை சலூன்காரரின் சட்டை காய்ந்தது. அது நர்ஸின் கணவருக்குக் கைக்குட்டைக்குத்தான் ஆகும்.

வீட்டுக்காரர் இரண்டு நாளும் அண்ணாந்து பார்த்தார். "அவருக்கு உடம்பு ஏறி எறங்குதேம்மா?"

"அலைஞ்சா யாருக்கும் எளைக்கத்தானேங்க செய்யும்," என்றாள் வேன்காரம்மா. அதுவும் உண்மைதான்.

ஆனால் சட்டை மட்டும் போதாது; ஆம்பளை இருக்கிற வீட்டில் ஓர் இருமலாவது கேட்க வேண்டும். சலூன்காரர் கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் பின்படி வழியாக மாடிக்கு ஏறி, பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்து இருமினார். அவருடைய மனைவிதான் அனுப்பிவைத்தாள்: "இங்க ஒக்காந்து வெட்டியா இருமறதுக்கு அங்க போய் இருமுங்க. அந்தப் பொண்ணுக்கு ஒரு வீடாவது நிக்கும்." போகப் போக மனுஷருக்குத் தொழில் பக்தியே வந்துவிட்டது. யோசனை செய்கிற இருமல், கோபமாக இருக்கிற இருமல் என்று வகை பிரித்தார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து மார்க் போட்டாள்.

கீழே வீட்டுக்காரர் மெய்மறந்து கேட்டார். "இருமல்லயே ஒரு பொறுப்பு தெரியுது பாருங்க!"

அதற்குப் பிறகு அவருக்கு எதற்கெடுத்தாலும் மேல்வீட்டு அவருடைய அபிப்பிராயம் தேவைப்பட்டது. "தண்ணி டேங்க்க எப்பக் கழுவலாம்னு அவரக் கேட்டுச் சொல்லுங்கம்மா." வேன்காரம்மா மாடிக்குப் போய், தனக்குத் தோன்றியதை யோசித்து, இறங்கி வந்து சொல்வாள். டேங்க் கழுவப்பட்டது. மாடிப்படிக்கு பல்பு வந்தது. கீச்சிட்டுக்கொண்டிருந்த கேட்டுக்கு எண்ணெய் விழுந்தது. "ஆம்பள புத்தி ஆம்பள புத்திதான்," என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார் வீட்டுக்காரர். வேன்காரம்மாவுக்குச் சிரிப்பாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

மகள் கேட்டாள்: "ஏம்மா, அப்பா இருந்தப்பகூட இவ்ளோ நல்லவரா இல்லையே?"

நாலாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கேட்டுக்கு வெளியே அந்த அப்பாவே வந்து நின்றார். போன இடத்தில் யாரோ துரத்திவிட்டிருக்க வேண்டும். மனைவிக்கு வீடு கிடைத்த செய்தி எப்படியோ எட்டியிருக்கிறது. சைக்கிளைக் காணோம்.

"யாருய்யா?" என்றார் வீட்டுக்காரர்.

"மேல இருக்கறது என் பொண்டாட்டி. நான் மேல போகணும்."

"அதெப்படி? அவருதான் உள்ள இருக்காரே!"

"எவரு?"

"அவரு!"

"யோவ், நான்தான்யா அவரு!"

வழக்கமான நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருந்த சலூன்காரர், கீழே நடப்பது தெரியாமல், கோபமாக இருக்கிற இருமலை எடுத்துவிட்டார். வந்தவர் முகம் வெளுத்தது.

"கேட்டியா?" என்றார் வீட்டுக்காரர் பெருமையாக.

"சத்தியமா நான்தாங்க புருஷன். மூணு வருஷம் முன்னாடி ஒரு கோவத்துல போயிட்டேன்..."

"சொல்லாம கொள்ளாம பொண்டாட்டி புள்ளைய விட்டுட்டுப் போனவன் எப்படிய்யா அவரு ஆவான்? மேல இருக்கறவர் எப்படிப்பட்டவர் தெரியுமா? உன்ன மாதிரி ஆள உள்ள விட்டா அந்தம்மா கதி என்ன?" என்று காலரைப் பற்றி, முப்பது வருஷ அனுபவத்தோடு, டிக்கெட் இல்லாத ஆளை இறக்குகிற மாதிரி தெருமுனை வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

அதற்குள் தெரு கூடிவிட்டது. நர்ஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் நின்றாள். வேன்காரம்மா எல்லாவற்றையும் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டுத்தான் இறங்கி வந்தாள்.

"பயப்படாதீங்கம்மா," என்றார் வீட்டுக்காரர் மூச்சு வாங்க. "எவனோ ஒரு ஃபிராடு. உங்க வீட்டுக்காரர்னு சொல்லிக்கிட்டு வந்தான்."

தலையை ஆட்டிவிட்டு மேலே போயிருக்கலாம். வீடு நிலைத்திருக்கும். ஆனால் இத்தனை நாளும் தன் புத்திக்கு, இல்லாத ஒரு மனுஷர் பாராட்டு வாங்கியதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

"அவருதாங்க அது," என்றாள்.

வீட்டுக்காரர் மாடியைப் பார்த்தார். பேப்பரும் கையுமாக சலூன்காரர் இறங்கி வந்து, அசட்டுச் சிரிப்போடு வணக்கம் சொன்னார்.

"அப்ப... டேங்க்கக் கழுவச் சொன்னது?"

"நான்தாங்க."

"மாடிப்படி பல்பு?"

"நான்."

"கேட்டுக்கு எண்ணெய்?"

"அதுவும் நான்தாங்க."

கடைசியாக ஒரு நம்பிக்கையோடு கேட்டார். "சொல்லாம கொள்ளாம போனவன உள்ள விடக் கூடாதுன்னு சொன்னது?"

"அது நீங்க."

நர்ஸ்தான் முதலில் சிரித்தாள். பிறகு தெருவே சிரித்தது. வீட்டுக்காரர் எல்லோர் முகத்தையும் பார்த்தார். அவர் இல்லாததற்காகக் காலி செய்யச் சொல்ல வேண்டும். ஆனால் அவரைக் காலரைப் பிடித்துத் துரத்தியதே தான்தான் என்று இத்தனை பேருக்கும் தெரியும். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்காதீங்க, உள்ள போங்கம்மா," என்று சிடுசிடுத்தார். "கதவ நல்லாச் சாத்திக்கங்க. கண்டவனெல்லாம் வர்றான்."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மகளைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

சாயங்காலம் சலூன்காரர் ஒரு செய்தி கொண்டுவந்தார். அந்த மனுஷருக்கு அடுத்த தெருவிலேயே ஓர் அறை கிடைத்துவிட்டதாம். யாரும் எதுவும் கேட்கவில்லையாம். தனி ஆள்தானே, ஒரு தொந்தரவும் இருக்காது என்று உடனே சாவியைக் கொடுத்துவிட்டார்களாம்.