சுரங்கம் யார் வீட்டுச் சொல்

என் அண்ணனும் என் வீட்டுக்காரரும் பேச்சை நிறுத்தியது சொத்துக்காக இல்லை. 'சுரங்கம்' என்ற சொல்லுக்காக. சொன்னால் யாரும் நம்புவதில்லை. நானும் விளக்குவதை விட்டுவிட்டேன்.

மூவரும் ஒரே அகராதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறோம். அவர்கள் இருவரும் சொற்கள் எங்கிருந்து பிறந்தன என்று ஆராய்பவர்கள். நான் அச்சுப்பிழை திருத்துபவள். சுரங்கம் கிரேக்கத்திலிருந்து வந்தது என்பது அண்ணன் கட்சி. குழாய்க்கு அங்கே சிரிங்ஸ் என்று பெயர், மதிலுக்கு அடியில் குடைந்து போகும் வழிக்கும் அதே பெயர், அது வடமொழி வழியாக நம்மிடம் வந்தது என்பார். வீட்டுக்காரருக்கோ அது நம் சுரையிலிருந்து பிறந்தது. உள்ளே குடைவாக இருப்பதால்தானே சுரைக்காய்க்கு அந்தப் பெயர் என்பார்.

ஒரு கூட்டத்தில் அண்ணன், "உங்க வாதம் ஏட்டுச் சுரைக்காய், மாப்பிள்ளை" என்றார். சபை சிரித்தது. இவர் விடுவாரா? "அப்ப நீங்க கிரேக்கத்துக்கே வீட்டோட மாப்பிள்ளையா போயிடுங்க மச்சான்" என்றார். சபை அதற்கும் சிரித்தது. அன்றோடு சரி.

அதன் பிறகு இருவரும் ஒரே அறையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரே ஒரு மின்விசிறி. "உங்கண்ணன்கிட்ட சொல்லு, வேகத்தைக் குறைக்கணும்னு." "உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, எனக்கு வேர்க்குதுன்னு." மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அந்த மத்தளம் நான்.

இப்படியே வருடங்கள் போன பிறகு அண்ணனுக்குக் குரல் கம்மத் தொடங்கியது. குரல்வளையில் புற்றுநோய், அதை எடுத்தாக வேண்டும் என்றார் மருத்துவர். உயிர் தப்பும், பேச்சு போகும். அண்ணன் நோயின் பெயரைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். வெளியே வந்ததும், "லாரிங்ஸ், கார்சினோமா. ரெண்டுமே கிரேக்கம்தான்" என்றார். எனக்குக் கோபமாக வந்தது. வீடு பற்றி எரியும்போது தீப்பெட்டி எந்த ஊர்ச் சரக்கு என்று பார்க்கிற மனுஷன்.

அவருடைய கவலை உயிரைப் பற்றியது இல்லை. புதிய பதிப்புக்கு 'சு' வரிசை நடந்துகொண்டிருந்தது. தகராறுள்ள சொற்களுக்கு எங்கள் குழு வாய்ப்பேச்சைக் கேட்டுத்தான் முடிவு சொல்லும். எழுதிக் கொடுத்தால் வாங்காது. எழுதியதை யாரும் படிப்பதில்லை என்று கண்டுகொண்ட பழைய தலைவர் ஒருவர் வைத்த விதி அது. ஒரு தரப்புக்குப் பேச ஆளில்லை என்றால் அந்தத் தரப்பு தள்ளுபடி. அறுவை சிகிச்சையோ கூட்டத்துக்கு முந்திக்கொண்டது. தள்ளிப்போட முடியுமா என்று அண்ணன் கேட்டுப்பார்த்தார். மருத்துவர் முறைத்தார்.

"தோத்தா பரவாயில்ல" என்றார் என்னிடம். "கேக்காமலே தள்ளிடுவாங்களே, அதான்."

வீட்டுக்காரருக்குச் சோறு போடும்போது சொன்னேன். "குரல் போறதுக்குள்ள ஒரு தடவை போய்ப் பேசிட்டு வாங்க. நீங்க சொன்னதுதான் சரின்னு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?"

"பரிதாபப்பட்டு அப்படிச் சொன்னா உங்கண்ணன் என்னை வெளியே துரத்துவார்" என்றார்.

அது உண்மைதான். இருந்தாலும் அறுவை சிகிச்சைக்கு முந்தைய மாலை அவராகவே ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றார். அண்ணன் தலையணையை நிமிர்த்திக்கொண்டு, "வாங்க மாப்பிள்ளை" என்றார். வந்தவர் நலம் விசாரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டுக் கட்டிலுக்கு நேராக உட்கார்ந்தார்.

"சுரங்கத்தைச் சொல்லுங்க மச்சான். முதல்லேர்ந்து."

வெந்த புண்ணில் வேல் பாய்ச்ச வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அண்ணன் ஆரம்பித்தார். குரல் தகரத்தை உரசியது போல வந்தது. அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் வழக்கம்போல விரல் முட்டியால் தட்டினார். மேசை இல்லாததால் கட்டிலின் இரும்புச் சட்டத்தில். வீட்டுக்காரர் குறுக்கே பேசவே இல்லை. மூச்சு வாங்கிய இடங்களில் காத்திருந்து, "அப்புறம்?" என்றார். ஓரிடத்தைத் திரும்பவும் சொல்லச் சொன்னார்.

நர்ஸ் வந்து எட்டிப்பார்த்தார். "தொண்டைக்கு ஓய்வு குடுக்கணும்னு சொன்னோம்ல?"

"நாளைலேர்ந்து ஓய்வுதானே சிஸ்டர்" என்றார் அண்ணன்.

முடிந்ததும் வீட்டுக்காரர் எழுந்தார். "எனக்கு இன்னும் ஒப்புதல் இல்ல மச்சான்."

"தெரியும் மாப்பிள்ளை."

அவ்வளவுதான். இதற்காகவா இவரைக் கெஞ்சினேன் என்று எனக்கு இருவர் மேலும் எரிச்சலாக இருந்தது.

கூட்டத்துக்கு அண்ணன் வந்தார். கழுத்தில் மூச்சுக்காக வைத்த துளையை மறைத்து வெள்ளைத் துணி கட்டியிருந்தது. சொல் அறிவிக்கப்பட்டதும் முதலில் வீட்டுக்காரர் எழுந்து சுரைக்குப் பேசினார். கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை. இத்தனை வருடத்தில் அவ்வளவு நன்றாக அவர் பேசி நான் கேட்டதில்லை. தலைவர் தாளைப் புரட்டிக்கொண்டே, "மறு தரப்புக்குப் பேச யாராவது இருக்காங்களா?" என்றார். அண்ணன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரர் இன்னும் உட்காரவில்லை. நடந்துபோய் அண்ணனின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"இருக்காங்க" என்றார்.

கட்டிலில் கேட்ட அதே வரிசையில் சொன்னார். குழாய், மதில், குடைந்த வழி, வடமொழி. அண்ணன் தட்டுகிற இடங்களில் எல்லாம் இவர் மேசையில் தட்டினார். தான் சற்றுமுன் சொன்ன ஒவ்வொரு காரணத்தையும் எடுத்து உடைத்தார். கடைசியில் நிமிர்ந்து, "ஆகவே மாப்பிள்ளை சொல்றது ஏட்டுச் சுரைக்காய்" என்றார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அண்ணனின் தோள் குலுங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. தாளால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

குழு கைதூக்கி முடிவு சொன்னது. கிரேக்கம்.

வீட்டுக்குத் திரும்பி இவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"தோத்துட்டேன்" என்றார்.

"யார்கிட்ட தோத்தீங்க? ரெண்டு பக்கமும் நீங்கதானே பேசினீங்க?"

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை முறைத்தார்.

"உங்கண்ணன்கிட்டதான். எதிர்ல அவர்தானே பேசினார்?"