பொங்குகிற பானை ஒன்று

“பொங்கினாத்தான் அது வீடு. பொங்காட்டில் அது வெறும்—”

“கண்ணாடி அடுப்பு, காந்தி. பால் விழுந்து எரிஞ்சா ஒட்டிப் பிடிச்சு—”

“—வெறும் அறை. ஆஸ்பத்திரியிலை தாற மாதிரி ஒரு அறை—”

“—ஒட்டிப் பிடிச்சா ஆயுளுக்கும் போகாது. நீரே துடைக்கிறனீர்? நான்தானே துடைக்கிறது.”

“ஆர் உங்களைத் துடைக்கச் சொன்னது?”

பேருந்து டுசல்டோர்ஃபை விட்டு நெடுஞ்சாலையில் ஏறுவதற்குள் இவ்வளவும் நடந்துவிட்டது. முன் இருக்கையில் சன்னலோரம் புவனேந்திரன், பக்கத்தில் அவருடைய மனைவி சந்திரகாந்தி. பின் இருக்கையில் நானும், மீன் அடைத்த என்னுடைய மாலுப்பாண் பொதியும். எங்கள் மூத்தோர் சங்கம் வருடத்துக்கு ஒரு தடவை எங்காவது கூட்டிப் போகும். இந்த முறை வெஸ்டர்வால்ட் பக்கம், குடும்பம் குடும்பமாகப் பானை செய்கிற பட்டறைகளுக்கு.

“டெல்சி, நீங்கள் சொல்லுங்கோ,” என்று சந்திரகாந்தி என் பக்கம் திரும்பினாள். “புது வீட்டிலை பால் பொங்காமல் குடிபூரலாமே?”

“நான் வேதக்காரி. எனக்கேன் இந்த வழக்கு?”

“நீங்களும் பால் காய்ச்சினனீங்கள்தானே.”

“காய்ச்சினது. பாதிரியார் வந்து செபம் சொல்ல முதலே பொங்கிப் போச்சு.”

“கேட்டியளே? வேதக்காற வீட்டிலையே பொங்கியிருக்கு.”

விஷயம் இதுதான். மகள் நிலக்சி வற்புறுத்தி, இருவரையும் படியேறத் தேவையில்லாத, லிப்ட் வைத்த அடுக்குமாடி வீடு ஒன்றுக்கு இந்த வசந்தத்தில் மாற்றிவிட்டாள். வீடு மாறிய அன்று காலை சந்திரகாந்தி பாலை அடுப்பில் வைத்தாள். பால் நுரைத்து விளிம்புக்கு வருகிற நேரம் பார்த்துப் புவனேந்திரன் பாத்திரத்தைத் தூக்கிவிட்டார். புத்தம் புது அடுப்பு, கறுப்புக் கண்ணாடி போட்டது. ஓர் உணவகத்தின் சமையலறையில் தலை நரைத்த மனிதர் அவர். அடுப்பில் கறை கண்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. சந்திரகாந்தி சத்தம் போடவில்லை. “சரி, அப்ப நாங்கள் இன்னும் குடிபூரேல்லை” என்றாள். அதோடு பெட்டிகளைப் பிரிப்பதையும் நிறுத்திவிட்டாள்.

நான் ஒருநாள் போனேன். சுவரோரம் கூரை வரைக்கும் பெட்டிகள். இரண்டு தட்டு, இரண்டு கோப்பை, ஒரு சட்டி மட்டும் வெளியே. “இருங்கோ டெல்சி,” என்றாள். “இது எங்கடை வீடில்லை, எண்டாலும் இருங்கோ.”

இந்தச் சுற்றுலாவுக்கு இருவருடைய பெயரையும் பதிந்தவர் புவனேந்திரன்தான். “அங்கை நல்ல மண்பானை இருக்காம். உமக்குப் பிடிச்ச பானை ஒண்டு எடும். அந்தப் பானையிலை பொங்குவம். துடைக்கிறதை நான் பாக்கிறன்” என்று தானாகவே வாக்குக் கொடுத்திருந்தார். கொடுத்த வாக்கில் பாதிதான் ஞாபகமிருந்தது போல, பேருந்தில் மறுபடி கண்ணாடியில் வந்து நின்றார்.

வழிகாட்டி சுபானி இங்கேயே பிறந்து வளர்ந்த பெண். ஒலிவாங்கியைப் பிடித்து, “அங்கிள், அன்ரி, சண்டை முடிஞ்சுதெண்டால் நான் கதைக்கட்டா?” என்று கேட்டாள்.

“கதை பிள்ளை,” என்றார் புவனேந்திரன். “இது எப்ப முடியிறது.”

முதற் பட்டறை அண்ணன் தம்பி இருவருடையது. சாம்பல் நிறப் பானைகள், மேலே நீலப் பூ வேலை. சூளை நன்றாகக் காய்ந்து சிவந்த பிறகு உப்பை அள்ளி உள்ளே எறிவார்களாம். அந்த உப்பு ஆவியாகிப் பானையில் படிந்து மெருகாகிவிடுமாம். சுபானி இதைச் சொல்லிக்கொண்டிருக்க, சந்திரகாந்தி ஒவ்வொரு பானையாக எடுத்துக் காதோரம் பிடித்து விரல் மொளியால் தட்டிக்கொண்டு போனாள்.

“அன்ரி என்ன செய்யிறா எண்டு இந்த அண்ணன்காரர் கேக்கிறார்,” என்றாள் சுபானி.

“சத்தம் பாக்கிறன். வெடிப்பிருந்தா அடைச்ச சத்தம் வரும். அதுகூடத் தெரியாமலே பானை செய்யிறார்?”

சுபானி எதை மொழிபெயர்த்தாளோ, அண்ணன்காரர் சிரித்துக்கொண்டு தானும் இரண்டைத் தட்டிக் காட்டினார். கணீரென்றது. சந்திரகாந்தி வயிறு பருத்த ஒன்றைத் தெரிந்தெடுத்தாள். “இது காணும். இதைச் சுத்தித் தரச் சொல்லு. வெள்ளிக்கிழமை பொங்கவேணும்.”

“பொங்கவோ? அன்ரி, இதை அடுப்பிலை வைக்க ஏலாது. சூடு பட்டா வெடிச்சிடும். இது கோவா இலையை அரிஞ்சு உப்பிலை ஊறுகாய் போடுறதுக்கு.”

“மற்றது?”

“இஞ்சை இருக்கிற ஒண்டுமே அடுப்புக்கு இல்லை. இந்த மண் அப்பிடி.”

சந்திரகாந்தி பானையைக் கீழே வைத்தாள். திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் ஒரு பீர்க் குவளையைத் தூக்கி அதன் அடியை உற்று ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“இஞ்சேருங்கோ.”

“ம்?”

“உங்களுக்கு இது தெரியும்.”

“எது?”

“இந்தப் பானை அடுப்பிலை வைக்க ஏலாதெண்டு. ஹோட்டல் குசினியிலை நிண்ட மனிசனுக்கு எந்தச் சட்டி அடுப்பேறும், எது ஏறாதெண்டு தெரியாதே? தெரிஞ்சுதான் ‘பிடிச்ச பானை எடும்’ எண்டு கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்.”

“ஒரு சின்னச் சந்தேகம் இருந்தது,” என்றார் புவனேந்திரன்.

பேருந்து வரைக்கும் அவள் அவரோடு பேசவில்லை. என்னோடு பேசினாள், அவருக்குக் கேட்கும்படி. “டெல்சி, உங்கடை மனிசன் உயிரோடை இருக்கேக்கை இப்பிடிக் கள்ளத்தனம் செய்தவரே?”

“செய்தவர்தான். ஆனா இவ்வளவு தூரம் பஸ் ஏத்தி இல்லை.”

இரண்டாவது பட்டறை ஒரு குன்றின் மேல். லெங் என்ற குடும்பம். தாய் சக்கரத்தில் வனைகிறார், மகன் சூளை பார்க்கிறான். வீடும் பட்டறையும் ஒரே கூரையின் கீழ். வாசலில் காலை வைத்ததும் சுபானி சொன்னாள்: “இவையின்ரை சட்டி பானை வேறை மண். நேரை அடுப்பிலை வைக்கலாம்.”

புவனேந்திரன் அந்த இடத்திலேயே ஒருகணம் நின்றார். பிறகு, “கழிப்பறை எந்தப் பக்கம்?” என்று கேட்டார்.

“நிண்டுபோட்டுப் போங்கோ,” என்றாள் சந்திரகாந்தி.

தவிட்டு நிறத்தில், இரண்டு காது வைத்த ஒரு பானை அவளுக்கு உடனே பிடித்துவிட்டது. தட்டினாள். தலையாட்டினாள். திருமதி லெங்கைப் பார்த்துத் தன்னுடைய ஜெர்மன் மொழியிலேயே கேட்டாள்: “இதிலை பால் பொங்கி வழியுமோ?”

எழுபதைத் தாண்டிய அந்தப் பெண்மணி மண் அப்பிய கையை ஏப்பிரனில் துடைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, “ஒருபோதும் வழியாது” என்றார். பானையின் விளிம்பைத் தடவிக் காட்டினார். உள்பக்கம் சரிவாக, அகலமாக இருந்தது. நுரை மேலே வந்தாலும் திரும்ப உள்ளேதான் விழுமாம். போதாததற்கு இழுப்பறையிலிருந்து உள்ளங்கையளவு வட்டத் தட்டு ஒன்றை எடுத்தார். சுட்ட மண், அடியில் தவாளிப்பாக ஒரு பள்ளம். பாலுக்குள் போட்டால், கொதி வருகிற நேரம் இது பானையடியில் கிடந்து கடகடவென்று அடிக்கும். ஓடி வந்து அடுப்பை நிறுத்திவிடலாம்.

“பாலுக்கே ஒரு காவல்காரன்,” என்று புவனேந்திரன் முகம் மலர்ந்தார். கழிப்பறையை மறந்துவிட்டார். “அருமையான சாமான். காந்தி, ரெண்டு எடுப்பம்.”

“அவவுக்கு விளங்கேல்லை, சுபானி. வழியாத பானை இல்லை. எனக்கு வழியிற பானை வேணும். நீ வடிவாச் சொல்லு.”

சுபானி சொன்னாள். திருமதி லெங் மகனைப் பார்த்தார். மகன் சுபானியைப் பார்த்தான். பரம்பரை பரம்பரையாக ஒழுகுது, வழியுது என்று குறை சொல்லி வந்தவர்களைத்தான் அவர்கள் கண்டிருப்பார்கள்.

“ஏனாம்?” என்று அவர் கேட்டார்.

சுபானி விளக்கினாள். புது வீடு, புதுப் பானை, பால் பொங்கி வழியவேண்டும், வழிந்தால்தான் அந்த வீட்டுக்கு வந்துவிட்டதாகக் கணக்கு. திருமதி லெங் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஏதோ நீளமாகச் சொன்னார். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

“என்னவாம்?”

“இந்த வீட்டுக்கு மருமகளா வந்த முதல் நாளே பாலை வச்சிட்டுச் சூளையைப் பாக்கப் போனவவாம். அடுப்பு முழுக்கப் பொங்கி ஊத்திப் போச்சாம். மாமியார் ஒரு கிழமை முகம் குடுக்கேல்லையாம். பிறகு பேசாமல் இந்தத் தட்டைச் செய்து கையிலை குடுத்தவவாம்.”

சந்திரகாந்தி அந்த ஜெர்மன்காரியைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். “அப்ப அவ முறைப்படி குடிபூந்திருக்கிறா. அதுதான் இவ்வளவு காலமும் நிலைச்சு நிக்கிறா. சொல்லு அவவுக்கு.”

சுபானி சொன்னதும் திருமதி லெங்குக்குச் சிரிப்பு நின்றது. “மாமியார் உயிரோடிருந்தபோது இதை யாராவது சொல்லியிருக்கலாம்” என்றாராம். பிறகு, எல்லோரும் வாருங்கள், வழிகிறதா இல்லையா என்று பார்த்துவிடுவோம் என்று சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கேயும் கறுப்புக் கண்ணாடி அடுப்புத்தான். புவனேந்திரன் குனிந்து பார்த்தார். “எங்கடை மாதிரியே,” என்று மெல்லிய குரலில் எனக்குச் சொன்னார். “நல்ல கம்பனி.”

தன் வீட்டில் பாவிக்கிற பானையையே எடுத்து, வட்டத் தட்டைப் போட்டு, பாலை ஊற்றி, கீழ்ச் சூட்டில் வைத்தார் திருமதி லெங். வாசலெல்லாம் எங்கள் ஆட்கள். சங்கக் கூட்டத்தில்கூட இப்படி வாயை மூடிக்கொண்டு நின்றதில்லை. மெல்ல ஆவி வந்தது. ஓரத்தில் நுரை. பிறகு உள்ளேயிருந்து காவல்காரன் அடிக்கத் தொடங்கினான். திருமதி லெங் பழக்கத்தில் கையை நீட்டினார்.

சந்திரகாந்தி அவருடைய மணிக்கட்டில் தன் கையை வைத்தாள். “கொஞ்சம்,” என்றாள். தமிழில்தான் சொன்னாள். அவருக்கு விளங்கிவிட்டது. இருவரும் கையைக் கையில் வைத்தபடி நின்றார்கள்.

நுரை விளிம்புக்கு வந்தது. சரிவில் விழுந்தது. மறுபடி வந்தது, விழுந்தது. மூன்றாம் தரம் குவிந்து எழும்பி, அந்தப் பரம்பரை விளிம்பையும் தாண்டி, ஒரு பக்கமாக இறங்கி அடுப்பில் சீறியது.

“கிழக்கை,” என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

“அது மேற்கு, ஐயா. வெயில் அங்கால நிக்குது.”

இவர்கள் திசை பார்த்துக்கொண்டிருக்க, புவனேந்திரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். அடுப்பை நிறுத்தினார். பானையை இறக்கினார். “சுரண்டி, சுரண்டி எங்கை?” என்று ஜெர்மன் மொழியில் கேட்டார். மகன் எடுத்துக் கொடுத்தான். சூடு ஆறுவதற்கு முன் அலகைச் சாய்த்துப் பிடித்து ஒரு இழுவை, இரண்டு இழுவை. ஈரத் துணி. பிறகு காய்ந்த துணி. பால் வழிந்த இடத்தில் சமையலறை விளக்கு பளிச்சென்று தெரிந்தது.

“அற்புதம்,” என்றார் திருமதி லெங்.

புவனேந்திரனுக்கும் ஒரு பெருமை வந்துவிட்டது. “சூட்டோடை சூடா எடுக்கவேணும். அப்ப ஒரு தடமும் இராது,” என்றார். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்குக் கேட்டது.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

“சுபானி,” என்றாள் சந்திரகாந்தி, “அந்தத் தவிட்டு நிறப் பானையைச் சுத்தித் தரச் சொல்லு. தட்டு வேண்டாம்.”

திரும்பி வரும்போது பாதிப் பேர் நித்திரை. முன் இருக்கையில் அவள் மடியில் பானை. நான் கண்ணை மூடியிருந்தேன், காதை மூடவில்லை.

“நல்லாத் துடைச்சியள்.”

“ம்.”

“அப்ப அடுப்பில்லை.”

“என்ன அடுப்பில்லை?”

“உங்கடை பயம். அடுப்புக்கில்லை.”

பேருந்து ஒரு பாரவண்டியை முந்தியது.

“பழைய வீட்டிலை பால் காய்ச்சேக்கை நிலக்சி உம்மடை வயித்திலை,” என்றார் புவனேந்திரன். “அப்ப, இது இப்போதைக்கு, பிறகு பெரிய வீடு பாப்பம் எண்டு கதைச்சனாங்கள். ஞாபகமே?”

“பாக்கேல்லை.”

“பாக்கேல்லை. ஆனா பாக்கலாம் எண்டு இருந்தது. இந்த வீட்டிலை குளிக்கிற இடத்திலையும் பிடிக்கிறதுக்குக் கம்பி, கட்டிலடியிலையும் கம்பி. இதிலையிருந்து இனி எந்த வீட்டுக்குப் போறது, காந்தி? பாலைப் பொங்க விட்டா, சரி, வந்து சேந்திட்டம் எண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி.”

“அதை அப்பிடியே சொல்லியிருக்கலாமே.”

“அடுப்பைச் சொல்லுறது லேசாக் கிடந்தது.”

அவள் மடியிலிருந்த பானையைச் சுற்றியிருந்த பத்திரிகைத் தாள் சரசரத்தது. இவள் இப்போது அழப்போகிறாள் என்று நினைத்துக் கண்ணைத் திறந்தேன். அவள் அழவில்லை. பானையைத் தூக்கி அவர் மடியில் வைத்துவிட்டு, அவருக்கு மட்டும்தான் கேட்கும் என்று நினைத்து மெல்லக் கேட்டாள்.

“அப்ப வெள்ளிக்கிழமை நான் மட்டும் தனியக் குடிபூரட்டே?”