இரண்டு பொட்டலம்

ஆய்வகத்தில் அதிதி நீட்டிய காகிதத்தைத் தோட்டக்காரர் ஆதிகேசவன் வாங்கவில்லை. கையெழுத்து மட்டும் போடக் கற்ற கை அவருடையது. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவாரா?

"இன்னா எழுதிருக்கு, படி."

"மூக்கிரட்டைல வேற இலையைத் தவறுதலாக் கலந்து குடுத்துட்டேன்னு இருக்கு. போட்டுட்டுப் போங்க தாத்தா."

"போட்டா காண்ட்ராக்டர் நாகேஷ் நாளைக்கு என்னை வேலைக்கு உள்ள விடுவானா?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

மனுஷக் குடலின் செல்களைத் தட்டில் வளர்ப்பது அவள் வேலை. மேலே பெராக்சைடு விட்டால் அவை வெந்து சாகும். தோட்டக்காரர் முதலில் பறித்துத் தந்த மூக்கிரட்டைச் சாற்றில் ஊறியவை பாதிக்கு மேல் பிழைத்தன. இரண்டாம் தடவை தந்ததில் அத்தனையும் செத்தன. செத்ததற்கு ஒரு ஆள் வேண்டும், கிழவர் அகப்பட்டார்.

"அதே செடிதாம்மா. மொதல்ல பறிச்சது ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால, கல்லு இடுக்குல. தண்ணி கெடையாது, வெயில்ல சாவுது. அப்புறம் நீதான் பாத்தி கட்டு, உரம் போடுன்னே. சொகமா வளந்ததுக்கு ஏது வீரியம்?"

"எனக்குப் பாடம் எடுக்காதீங்க."

"நீ என்னைப் பித்தலாட்டக்காரன்னு எழுதலாம், நான் பேசக்கூடாதா?"

நாலாம் நாள் இரண்டு பொட்டலங்களை அவள் மேஜையில் போட்டார். இரண்டு இடத்து இலையையும் உலர்த்தித் தானே இடித்துச் சலித்த தூள். ஒன்றின் நூலில் மட்டும் இரட்டை முடிச்சு.

"எது எங்க பறிச்சது?"

"சொல்ல மாட்டேன். சொன்னா உனக்குத் தோதா எழுதிக்குவே. உன் தட்டுல இருக்கறது சொல்லட்டும்."

அவள் வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். இதோடு இவனைத் தொலைத்துவிடலாம் என்று அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. அதைப் படிக்க அவருக்குப் பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை.

பத்து நாள் கழித்து, புல்வெளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவரிடம் வந்தாள்.

"ரெட்டை முடிச்சு காப்பாத்திச்சு. மூணு வாட்டி பாத்துட்டேன். மத்த பொட்டலம் ஒண்ணும் பண்ணல."

"ரெட்டை முடிச்சு கல்லு இடுக்கு."

"இனிமே அதையே பறிச்சுக் குடுங்க."

"மொதல்ல நாகேஷுக்குப் போன் போடு. என் எதிர்ல."

உதட்டைக் கடித்துக்கொண்டு போட்டாள். "நாகேஷ், அவர்து தப்பில்லா. தப்பு நம்தே," என்றாள் நாகேஷின் கன்னடத்தில், போனுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

ஆதிகேசவன் குழாயை மூடினார்.

"சத்தமா சொல்லு. கேட்ல நிக்கற வாட்ச்மேனும் கேக்கட்டும்."