இடப்பக்க ஒடுக்கு

பிரீத்தி பந்தயக் கார் ஓட்டுகிறவள். இருபத்தாறு வருஷமாக அதுதான் அவளுக்குப் பிழைப்பு. அப்பா அம்மா நாமக்கல் மாவட்டம் வெண்ணந்தூர்க்காரர்கள் என்றாலும் அவள் பிறந்தது இங்கிலாந்தில், கோவென்ட்ரியில். ஒன்பது வயதில் கோ-கார்ட் என்கிற சின்னப் பந்தய வண்டியில் ஏறி உட்கார்ந்தவள் நாற்பத்தேழு வயதுவரை இறங்கவே இல்லை. ஓட்டிய வண்டிகளை எண்ணினால் நூற்றைத் தாண்டும். அதில் ஒன்றுகூட அவளுடையது இல்லை.

நாமக்கல் பக்கம் இதைச் சொன்னால் யாரும் வாயைப் பிளக்க மாட்டார்கள். லாரிக்கு ஓனர் வேறு, டிரைவர் வேறு என்பது அங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் சீமையில் கார்ப் பந்தயத்திலும் அதே கதைதான் என்று கேட்டபோது, திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் அவளுடைய பெரியப்பா மகன் தனபாலுக்கு மனசு கேட்கவில்லை.

"அப்ப நீயும் நம்ம டிரைவருங்க மாதிரித்தானா புள்ள?"

"ஆமாண்ணா. ஹெல்மெட் மட்டும்தான் வித்தியாசம்."

புது வண்டிகளில்தான் அவள் பேர் வாங்கினாள். நீண்ட தூரப் பந்தயத்தில் ஒரே காரை இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். ஒருவர் காரை வாங்கிய பணக்காரர். இன்னொருவர் அவருக்கும் சேர்த்து வேகம் காட்ட வேண்டிய ஆள். பிரீத்தி அந்த இன்னொருவர். காதுக்குள் என்ஜினியர் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பான், சக்கரத்தின் சூடு முதற்கொண்டு திரையில் தெரியும். அவள் பிடித்துக் கொடுத்த இடத்தை ஓனர் கோட்டை விடுவார், கோப்பை கிடைத்தால் முதலில் அவர்தான் தூக்குவார். இதையெல்லாம் அவள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. தொழில் என்றால் அப்படித்தான்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் நடந்ததை மட்டும் அவளால் அப்படி விட முடியவில்லை. பயிற்சி நாள். நல்ல மழை, வேடிக்கை பார்க்க ஒரு குருவிகூட இல்லை. ஓனர் காரைக் கொண்டுபோய்ச் சுவரில் அப்பினார். மழையில் ஓட்ட அவருக்கு அனுமதி கிடையாது. "நீ ஓட்டியதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடு, யாருக்குத் தெரியப் போகிறது" என்றார். நசுங்கிய பானெட்டின் மேலேயே தாளை வைத்து அவள் கையெழுத்துப் போட்டாள். மழைத்துளி விழுந்து மை பரவியதுகூட இன்னும் நினைவிருக்கிறது. அடுத்த வருஷம் எந்த அணியும் அவளைக் கூப்பிடவில்லை. மழையில் வண்டியை உடைத்தவள் என்ற பேர் நிலைத்துவிட்டது. ஓனர் மகன் இடித்தால் டிரைவர் பேரில் எழுதுகிற வழக்கம் தனபாலுக்குத் தெரியாததா?

அதற்கப்புறம்தான் அவள் பழைய வண்டிகளின் பந்தயத்துக்கு வந்தாள். ஐம்பது அறுபது வருஷத்துக் கார்களைத் துடைத்து எடுத்து, அந்தக் காலத்தில் ஓடிய வேகத்திலேயே மறுபடி ஓட விடுகிற பந்தயம் அது. காதில் யாரும் பேச மாட்டார்கள். வண்டி என்ன நினைக்கிறது என்பதை உட்கார்ந்த இடத்தாலும் உள்ளங்கையாலும்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வேறு வழியில்லாமல் வந்தவள் அதிலேயே மயங்கிப் போனாள். அங்கேயும் வண்டி அவளுடையது இல்லை, அது வேறு விஷயம். கீறல் விழாமல் கொண்டுவா என்பார்கள். ஜெயிக்க வேண்டிய பந்தயங்களில் என்ஜினுக்கு நோகக்கூடாது என்று இரண்டாவதாக வந்திருக்கிறாள். இந்த வருஷம் அதற்கும் ஆள் மாறிவிட்டது. இளம் வயதுக்காரர்களாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள்.

இந்த நேரத்தில்தான் தனபாலின் வாட்ஸப் படம் வந்தது. சேலத்தில் மூடிக் கிடந்த ஒரு நூல் மில்லில் போர் போடப் போயிருந்தான். ரிக் உள்ளே வர வழியில்லை என்று பழைய குடோனைக் காலி பண்ணினார்கள். பஞ்சு மூட்டைகளுக்கு அடியில் கூரையில்லாத, ஒரே ஒரு ஆள் உட்காரும் ஒல்லி வண்டி. 'இது என்ன புள்ள, மீன் மாதிரி இருக்குது?' என்று கேட்டிருந்தான்.

பிரீத்தி அந்தப் படத்தைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டாள். இங்கிலாந்தில் ஒரு சின்னப் பட்டறையில் அறுபதுகளில் பதினொன்றே பதினொன்று செய்த பந்தயக் கார் அது. பத்துக்குக் கணக்கு இருக்கிறது. பதினோராவது இந்தியாவுக்குப் போனது, சென்னைப் பக்கம் சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் ஓடியது, அப்புறம் காணோம். மில்லின் வாரிசுகளுக்கு இடம் காலியானால் போதும் என்றிருந்தது. பிரீத்தி கிளம்பி வந்து பேசி முடித்தாள். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு வண்டி அவளுடையது ஆயிற்று.

ஆனால் அது அந்த வண்டிதான் என்பதற்குச் சான்று வேண்டும். எண் பொறித்த தகட்டை எவனோ எப்போதோ பிடுங்கியிருந்தான். மிச்சமிருந்த ஒரே அடையாளம் ஒரு ஒடுக்கு. ஓட்டுகிறவருக்குப் பின்னால், இடப்பக்க வாலில், மாங்கொட்டை அளவுக்கு உள்ளே போன ஒடுக்கு. அறுபத்தெட்டில் சோழவரத்தில் எடுத்த படத்திலும் அது இருந்தது. இங்கிலாந்தில் பழைய பந்தயக் கார்களுக்குச் சான்று கொடுக்கும் ஹாலிஸ் என்ற பெரியவர் எழுதியிருந்தார்: இந்தக் காலத்தில் படத்தை நம்ப முடியாது, கப்பலில் வந்து இறங்கியதும் என் கையால் தடவிப் பார்ப்பேன், ஒடுக்கு அப்படியே இருந்தால் இதுதான் பதினோராவது, இல்லாவிட்டால் யாரோ செய்த நகல். சான்று கிடைத்தால் மே மாதப் பந்தயத்தில் அவளுக்கு இடம் உண்டு. கிடைக்காவிட்டால் அவளுக்கு ஓட்ட வண்டியும் இல்லை, கூப்பிட ஆளும் இல்லை.

வண்டியின் அடித்தளம் துருவேறி உளுத்திருந்தது. அதைத் தாங்கிப் பிடித்துக் கப்பலில் ஏற்ற ஒரு நல்ல சட்டம் வேண்டியிருந்தது. தனபால் தன் ரிக் லாரிகளுக்கு பாடி கட்டும் ராசப்பனின் பட்டறைக்கே கொண்டுவந்து விட்டான். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைக்கா பஞ்சம்? ஆனால் தகட்டு வேலை என்றால் ராசப்பன் பேரைத்தான் சொல்வார்கள். ஐம்பது வயதிருக்கும். ஓனரான பிறகும் சுத்தியலைக் கீழே வைக்காதவர்.

பெயிண்ட் அடிக்க வேண்டாம், பாலீஷ் வேண்டாம், ஒரு ஸ்க்ரூவைக்கூட மாற்ற வேண்டாம் என்று பிரீத்தி படித்துப் படித்துச் சொன்னாள். ஒடுக்கைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்காமல் எவராவது ஒடுக்கு எடுப்பார்களா என்று நினைத்தாள். அவளுக்கு ராசப்பனைத் தெரியாது. ஏற்றுமதிக் காகிதங்களுக்காக மூன்று நாள் சென்னைக்குப் போனாள்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். எந்த வண்டியும் ஒடுக்கோடு வாசலைத் தாண்டாது. பலகை மாற்ற வந்த லாரியாக இருந்தாலும் பம்பரில் ஒடுக்கு இருந்தால் எடுத்துவிட்டுத்தான் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். அதற்குக் கூலி கேட்க மாட்டார்கள். ஊர் பார்த்தால் பட்டறைக்குத்தானே கேவலம்?

நாலாம் நாள் காலையில் அவளும் தனபாலும் உள்ளே நுழைந்தபோது ராசப்பன் குளித்து, திருநீறு பூசி, காத்திருந்தார். தட்டில் எலுமிச்சம்பழம், சூடம், எல்லாம் தயாராக இருந்தது. பாடி கட்டாத லாரிகளுக்கு நடுவில் அந்த ஒல்லி வண்டி மூக்கில் சந்தனப் பொட்டோடு நின்றது.

"வாங்க அம்மிணி. கண்ணை மூடிக்கிட்டு அந்த வால்பக்கம் தடவிப் பாருங்க. எங்க இருந்துச்சுன்னு சொல்லுங்க பாக்கலாம்."

அவள் கையை வைத்தாள். தகடு கண்ணாடியாக வழுக்கியது. மேலே தடவினாள், கீழே தடவினாள்.

"ரெண்டு நாளுங்க. துளி பட்டி வெச்சுப் பூசி மறைக்கலீங்க. தகட்டைத் தட்டித் தட்டியே கொண்டாந்தனுங்க. பசங்களைத் தொடவே உடலீங்க, நானே உக்காந்து எடுத்தனுங்க."

பிரீத்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனுங்க, சந்தோசத்துல கால் ஓடலீங்களா?" என்று சிரித்தார் ராசப்பன்.

அவர் சிரிப்பு நிற்க ஒரு நிமிஷம் ஆனது. அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. அம்மாவிடம் கற்ற தமிழில், நடுநடுவே வார்த்தை கிடைக்காமல் தடுமாறி, ஹாலிஸையும் சோழவரத்துப் படத்தையும் மே மாதத்தையும் சொன்னாள். ராசப்பன் நின்றபடியே கேட்டார். எனக்கு யாரும் சொல்லவில்லையே என்று அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் அது நியாயமும்கூட. அவர் சொல்லவில்லை. முகம் மட்டும் கறுத்துப் போனது.

"அந்தப் படத்தைக் குடுங்க அம்மிணி. ஒடுக்கு எடுக்கறதுதானுங்க பாடு. போடறது ஒரு வேலையா? மத்தியானத்துக்குள்ள அச்சு அசலாப் போட்டுத் தாரேன்."

"போடச் சொல்லு புள்ள," என்றான் தனபால். "நாம மூணு பேரும் வாயைத் தொறக்கலீன்னா முடிஞ்சுபோச்சு. யாருக்குத் தெரியப் போவுது?"

அவள் சரி என்றாள். வேண்டாம் என்று சொல்ல அவள் ஒன்றும் தெய்வப் பிறவி இல்லை. இருபத்தாறு வருஷம் காத்திருந்து கிடைத்த வண்டி. நல்ல மனசோடு ஒருவர் செய்த தவறால் அது கைநழுவுவதா? போட்டுவிடட்டும். ராசப்பன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, தகட்டின் மேல் சாக்பீசால் மாங்கொட்டை வரைந்தார். அவ்வளவு துல்லியம். அடியில் மணல் பையை அண்டை கொடுத்து மரச்சுத்தியை எடுத்தார்.

யாருக்குத் தெரியப் போகிறது. அந்த வார்த்தைதான் அவளைக் குத்தியது. மழையில் பானெட்டின் மேல் தாளை வைத்து நீட்டியபோது அந்த ஓனர் சொன்னதும் இதையேதான். யாருக்கும் தெரியவில்லை என்பது வாஸ்தவம். அவளுக்குத் தெரிந்திருந்தது, பதினோரு வருஷமாக ஒவ்வொரு நாளும். அடுத்தவன் போட்ட ஒடுக்கைத் தன் பேரில் சுமப்பது எப்படி இருக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? இப்போது அறுபத்தெட்டில் எவனோ போட்டதாக ஒரு ஒடுக்கைத் தானே செய்து, அதை வாலில் கட்டிக்கொண்டு மிச்சக் காலமெல்லாம் ஓட்ட வேண்டும்.

"வேண்டாங்க. நிறுத்துங்க."

ராசப்பன் சுத்தியை இறக்கினார். இறக்கியபோது அவருக்கும் மூச்சு வந்தது போலிருந்தது.

"எனக்கும் கை வரலீங்க அம்மிணி. எத்தனையோ வண்டிக்கு ஒடுக்கு எடுத்திருக்கறேன். போட்டதில்லீங்க." பிறகு செல்போன் விளக்கைப் போட்டுத் தகட்டின் உள்பக்கம் காட்டினார். "இங்க பாருங்க. வெளிய தெரியாது. உள்ளார என்ற சுத்தி பட்ட தடம் அத்தனையும் இருக்குதுங்க. அடிபட்ட இடத்துல மட்டுந்தானுங்க தட்டினேன். அந்த மனுசன் எதுவரைக்கும் இடிச்சிருந்தானோ, அதுவரைக்கும்."

குனிந்து பார்த்தாள். ஐம்பது வருஷத்துப் பஞ்சுத் தூசிக்கு நடுவே, பொடிப்பொடியாக நூற்றுக்கணக்கான தடங்கள், மாங்கொட்டை வடிவத்திலேயே.

அங்கேயே, லாரிப் பலகை ஒன்றின் மேல் உட்கார்ந்து ஹாலிஸுக்கு எழுதினாள். சான்றுக்கான படிவத்தில் 'பழுது, மராமத்து, பொறுப்பு' என்று மூன்று கட்டங்கள் இருந்தன. முதல் இரண்டில் நடந்தது நடந்தபடி எழுதினாள். உள்பக்கத்துத் தடங்களைப் படமெடுத்து இணைத்தாள். மூன்றாவதற்கு வந்ததும் ராசப்பன் குறுக்கே வந்தார்.

"அதுல என்ற பேரை எழுதுங்க. ராசப்பன், நாமக்கல். தப்பு நான் பண்ணுனது. வேணும்னா கைநாட்டு, போட்டோ, என்ன வேணுமோ தாரேன். நீங்க ஊர்லயே இல்லீன்னு எழுதுங்க."

"சொல்லாமப் போனது நானுங்க."

"டிரைவருக்கு எதுக்குங்க அம்மிணி இந்தப் பழியெல்லாம்?"

பிரீத்தி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "நான் டிரைவர் இல்லீங்களே. ஓனர் நானுங்க."

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே கேட்டது. வண்டி அவள் பேருக்கு மாறி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஓனர் ஆனது இப்போதுதான். மூன்றாவது கட்டத்தில் தன் பேரை எழுதி அனுப்பினாள். தனபால் டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனான்.

இங்கிலாந்தில் அப்போதுதான் விடிந்திருக்கும், ஆனாலும் டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. உண்மையை எழுதியதற்கு நன்றி. ஆனால் மே மாதத்துக்குச் சான்று தர இயலாது. வண்டியை அனுப்புங்கள், உள்பக்கத்தைத் துடைக்காதீர்கள், குழு பார்க்கும். எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அவ்வளவுதான். இந்த வருஷம் போயிற்று, அடுத்த வருஷம் அவளுக்கு நாற்பத்தெட்டு. பிரீத்தி அப்போதுதான் அழுதாள். மூக்கைச் சிந்தி, முந்தானை இல்லாத குறைக்குச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு, நன்றாகவே அழுதாள். ராசப்பன் அந்தப் பக்கம் திரும்பிச் சூடத்தை ஏற்றினார்.

புது வண்டி பட்டறையை விட்டுக் கிளம்பும்போது டிரைவர் ஸ்டியரிங்கில் உட்காருவார், ஓனர் பக்கத்தில் உட்காருவார், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு வாசலைத் தாண்டுவார்கள். ராசப்பன் பழங்களை வைத்துவிட்டு வண்டியைச் சுற்றி வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, ஓனர் எங்க உக்காருவாங்க? ஒத்தை சீட்டுத்தானுங்களே இருக்குது."

"அது போதுங்க" என்று பிரீத்தி காலைத் தூக்கி உள்ளே வைத்து இறங்கி உட்கார்ந்தாள். என்ஜின் உயிர் பெற இன்னும் நாளாகும். பட்டறை ஆட்கள் எட்டுப் பேர் பின்னால் கை கொடுத்துத் தள்ளினார்கள். இடப்பக்கம் வாலில், சாக்பீஸ் கோடு அழியாத இடத்தில், ராசப்பனின் கை இருந்தது. நாலு பழமும் நசுங்கின. அவள் ஸ்டியரிங்கை லேசாக வலப்பக்கம் ஒடித்து வாசலைத் தாண்டினாள்.