வெள்ளைக் கட்டைவிரல்

திலகா அக்காவின் மகள் துளசிக்குப் பிறந்தநாள் வர இன்னும் ஐம்பத்திரண்டு மணி நேரம் இருந்தது. அதுவரை அக்காவிடம் எதுவும் சொல்ல வேண்டாம், அந்த ஒரு நாளாவது சிரித்தபடி இருக்கட்டும் என்று அக்காவின் வீட்டுக்காரர் மாமா கேட்டிருந்தார். போன வாரம் ஆஸ்பத்திரியில் அக்கா ரத்தப் பரிசோதனைக்குப் போன நேரத்தில் டாக்டர் மாமாவிடமும் என்னிடமும்தான் பேசினார். அக்காவிடம் நான் வேறு மாதிரி சொன்னேன்: வயிற்றில் சின்னக் கட்டி, மாத்திரையில் கரைந்துவிடும். வீட்டில் அறிவியல் படித்தவள் நான் ஒருத்திதான். நான் சொன்னால் நம்புவாள்.

பிறந்தநாளுக்கு மேஜிக் காட்ட ஆள் வேண்டும் என்றாள் அக்கா. நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான், செய்கிறேன் என்றேன்.

இணையத்தில் வாங்கிய பிளாஸ்டிக் கட்டைவிரல் வெள்ளைக்காரர்களின் நிறத்தில் வந்தது. கைக்குட்டையை அதற்குள் திணித்து என் விரலில் மாட்டிக்கொண்டால் கைக்குட்டை மாயமாகிவிடும். ஆனால் அந்த விரலே கண்ணை உறுத்தியது. தேயிலைச் சாயத்தில் ஊறவைத்தேன், ஏறவில்லை. பெர்மாங்கனேட் கரைசலில் போட்டதும் ஒரு மாதிரி பழுப்பானது. என் சொந்த விரல்களும் பழுப்பாயின.

மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தாய் ஊரில், அவர்கள் வீட்டின் முன்னறையில் அக்கா தலையணையில் சாய்ந்திருந்தாள். வெளியே செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று போனது.

"காட்டு லா. மினிஸ்டர் வந்து ரிப்பன் வெட்டணுமா?"

திணித்தேன். ஊதினேன். இரு கைகளையும் விரித்தேன்.

அக்கா சிரித்தாள். உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"கட்டவெரல்லதான இருக்கு?"

"கலர் தெரியுதா அக்கா?"

"கலர் நல்லாத்தான் இருக்கு. நீதான் அதையே பாக்குற. ஒளிச்சு வச்ச எடத்த விட்டு உன் கண்ணு நகர மாட்டேங்குது."

மறுபடி செய்தேன். கூரையைப் பார்க்க முயன்றேன். கண் தானாகக் கீழே வந்தது. மூன்றாம் முறை கைக்குட்டையின் முனை வெளியே தொங்கியது.

"விடு நித்தியா. அன்னிக்கு ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான். கரைஞ்சிரும்னு சொன்ன. என் மூஞ்சியப் பாக்கல. வயித்தயே பாத்துக்கிட்டு இருந்த."

நான் சுவரைப் பார்த்தேன். துளசியின் பெயரை வண்ணத்தாளில் வெட்டி அக்காவே ஒட்டியிருந்தாள். கடைசி எழுத்து கோணலாக இருந்தது.

"மாமா வேலைக்குப் போயாச்சு. பிள்ள ஸ்கூல்ல. இப்ப என்னப் பாத்துச் சொல்லு."

பொய்விரலைக் கழற்றினேன்.

"கேன்சர், அக்கா. ஈரலுக்கும் போயிருச்சு. இனிமே செய்யறதுக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க."