இடது பின்கதவு

எங்கள் கம்பெனியில் வாடகைக் கார் எடுத்தவர்கள் யாரையாவது திட்ட வேண்டும் என்றால் என்னிடம்தான் வர வேண்டும். மற்ற மேசைகளில் எல்லாம் சிரிப்பார்கள். என் மேசை படிக்கட்டுக்குக் கீழே, தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தலைக்கு மேல் 'வாடிக்கையாளர் நலம்' என்று ஒரு பலகை. இதுவரை அந்தப் பலகையைப் பார்த்து யாருக்கும் கோபம் குறைந்ததில்லை.

என் கம்ப்யூட்டரில் கடிதங்கள் தயாராக இருக்கும். சாவியைப் பெட்டியில் போட்டதற்கு எதற்குத் தனிக் கட்டணம் என்று கேட்டால் முதலாவது. நான்தான் வண்டியைக் கழுவிக் கொடுத்தேனே, கழுவும் கட்டணம் யாருக்கு என்று கேட்டால் இரண்டாவது. மூன்றாவது எதற்கு என்று எனக்கே மறந்துவிட்டது. நான் போடாத கீறலுக்கு என்னிடம் பிடித்துக்கொண்டீர்களே என்றால் நாலாவது, கூடவே கீறலின் போட்டோ. பெயரையும் தேதியையும் மாற்றினால் வேலை முடிந்தது. எல்லாமே 'ஒப்பந்தத்தின் பதினேழாம் பக்கத்தைப் பார்க்கவும்' என்றுதான் முடியும். அந்தப் பக்கத்தை முழுசாகப் படித்த ஒரே ஆள் எங்கள் மேலாளர். வாயைத் திறந்தால் அதைத்தான் சொல்வார். அதனால் அவருக்கே பதினேழாம் பக்கம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

நான் இதில் நல்லவள் வேஷம் போடப்போவதில்லை. பிரசவ லீவு முடிந்து வந்ததும், வாசலில் வண்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த என்னைத் தூக்கி இந்த மேசையில் போட்டார்கள். எட்டு மாதமாக நாலாவது கடிதத்தை அனுப்பிக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவை பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் ஒருவர் வந்து மேசையில் ஓங்கிக் குத்தினார். தண்ணீர்க் கேன் கவிழ்ந்தது. தரையைத் துடைத்துவிட்டு அவருக்கும் நாலாவது கடிதத்தையே அனுப்பினேன்.

போன செவ்வாய்க்கிழமை வந்தவர் மேசையில் குத்தவில்லை. அறுபதைத் தொடுகிற வயது, தேய்ந்த செருப்பு, மடிப்புக் கலையாத சட்டை. நாற்காலி காலியாக இருந்தும் நின்றுகொண்டே இருந்தார்.

"உக்காருங்க சார். திட்டுறதா இருந்தா உக்காந்தே திட்டலாம்."

"திட்ட வரலைம்மா. ஒரு சந்தேகம்."

டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லித் தருகிறவராம். முப்பது வருஷம். ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவைக் கூட்டி வர எங்களிடம் ஒரு நாள் கறுப்புக் கார் எடுத்திருக்கிறார். திருப்பி விட்ட மறுவாரம், இடது பின்கதவில் கீறல் என்று எங்கள் கடிதம் போயிருக்கிறது. காசு போனால் போகட்டும் என்று விட்டிருப்பார். ஆனால் சொல்லிக்கொடுக்கிறவர், ஆள் ஏற்றிப் போகிறவர் பேரில் சேத அறிக்கை எழுதினால் அதில் ஒரு நகல் தானாக லைசென்ஸ் ஆபீசுக்குப் போய்விடும். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. அங்கே தப்பு இவருடையது என்று முடிவானால் சொல்லிக்கொடுக்கிற லைசென்ஸ் ரத்து.

"முப்பது வருஷத்துல ஒரு உரசல் கிடையாதும்மா. இந்த வயசுல எனக்கு வேற எந்த வேலையும் தெரியாது."

"கஷ்டம்தான் சார்," என்றேன். அதுவும் கடிதத்தில் உள்ள வார்த்தைதான். "உங்க சந்தேகம் என்ன?"

சட்டைப் பையிலிருந்து போட்டோவை எடுத்து மேசையில் வைத்தார். "இதுல ஒரு பொண்ணு இருக்கா."

"கீறல்தான் சார் இருக்கு."

"கீறலை விடுங்க. கதவைப் பாருங்க. கண்ணாடில என்ன தெரியுதுன்னு பாக்குறதுதானே எனக்குப் பொழப்பு."

பார்த்தேன். கழுவித் துடைத்த கறுப்புக் கதவு. அதில் வெயிலில் ஒரு பெண் இரண்டு கையாலும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முகத்தைப் போன் மறைக்கிறது. வயிறு மட்டும் முன்னால் வந்து நிற்கிறது. பெரிய கட்டம் போட்ட தொளதொளச் சட்டை.

"எட்டு மாசமாவது இருக்கும்," என்றார் அவர். "வயித்துப்பிள்ளைக்காரியை இப்படி வெயில்ல நிக்க வச்சிருக்காங்களேன்னு மனசு கேக்கலை. நான் வண்டி விட்டது போன மாசம் பதினெட்டு. இந்நேரம் பிள்ளை பொறந்திருக்கணுமே. நல்லபடியா பொறந்துதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கட்டம் போட்ட சட்டையை இந்த உலகத்தில் ஒரே ஒருத்திதான் போட்டுக்கொண்டு ஆபீசுக்கு வந்தாள். என் நாத்தனார் எனக்குத் தைத்துக் கொடுத்தது. மேசைவிரிப்பு மாதிரி இருக்கிறது என்று நான் சொல்லி, இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது.

"பொறந்துது சார்," என்றேன்.

"என்ன பிள்ளை?"

"பொண்ணு."

"சந்தோஷம். எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. நடக்குறா."

சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்தேன். அவர் போட்டோவைப் பார்த்தார். கீழே நான் அடித்திருந்த தேதியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஒரு மாசத்துலயா?" என்று கேட்டார். கிண்டலே இல்லை, நிஜமாகவே கேட்டார்.

இருங்கள் என்று சொல்லிவிட்டு மேலாளர் அறைக்குப் போனேன். அந்தக் கீறல் எப்படி வந்தது என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். வண்டி கழுவுகிற இடத்தில் பின்னால் எடுக்கிறேன் என்று குழாயில் கொண்டுபோய்த் தேய்த்தவரே அவர்தான். இன்சூரன்சுக்கு வேண்டும் என்று என்னைப் போட்டோ எடுக்கச் சொன்னார். அதற்கப்புறம் அந்தக் கதவுக்கு யாரும் பெயின்ட் அடிக்கவில்லை. புதுப் போட்டோவும் எடுக்கவில்லை. அதற்குத்தான் 'இடது பின்கதவு' என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே. யார் அந்தக் காரை எடுத்தாலும் அதே போட்டோ போகும். மற்ற வண்டிகளாவது ஓடிச் சம்பாதித்தன. இது நின்ற இடத்தில் சம்பாதித்தது.

மேலாளர் போட்டோவைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. ஒரு நிமிஷம் அவர் வெட்கப்படுகிறார் என்றே நினைத்தேன்.

"போட்டோல ஆள் விழக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?" என்றார். "ஆள் தெரியற இடத்தை வெட்டிட்டு அனுப்புங்க இனிமே."

"சரி சார். இவருக்கு? இந்தக் கீறல் இவர் போட்டதில்லைன்னு ரெண்டு வரி எழுதி சீல் வச்சுக் கொடுத்தாப் போதும். இல்லேன்னா அவர் லைசென்ஸ் போயிடும்."

"ரெண்டு வரி எழுதினா, இதுவரைக்கும் வாங்கினதை எல்லாம் யாரு திருப்பிக் கொடுக்குறது? நாலாவது கடிதம். பதினேழாம் பக்கத்தைப் பாக்கச் சொல்லுங்க." கம்பெனி சீல் இருந்த டிராயரைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

திரும்பி வந்தால் பெரியவர் இன்னமும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

"விசாரணை எந்த மாடி சார்?"

"ரெண்டாவது."

"சரி, போங்க."

துரத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டார் போல. போட்டோவை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் போட்டோவை அவருக்கு முன்னால் எட்டுப் பேருக்கு என் கையால் அனுப்பியிருக்கிறேன். ஒரு தடவையாவது என்னையே நான் பார்க்கவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது, வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கட்டம் போட்ட சட்டையைத் தேடினேன். பகலில் மகளைப் பார்த்துக்கொள்வது நாத்தனார்தான். அண்ணி என்று கூப்பிடுவேன். நான் செய்கிற எதுவும் அண்ணிக்குப் பிடிக்காது, நான் பெற்றதை மட்டும் கீழே விட மாட்டார்.

"அதைத் தேடாத. வெட்டி உருண்டைக்குக் கவுன் தைச்சுட்டேன்," என்றார். என் மகளுக்கு வீட்டில் உருண்டை என்றுதான் பெயர்.

நடந்ததைச் சொன்னேன். வேலை போனால் வீட்டு வாடகைக்கு என்ன செய்வாய், உனக்கென்ன கிறுக்கா என்று அண்ணி ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். அதற்கப்புறம் அந்தக் கவுனை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

"நான் தைச்சதை மேசைவிரிப்புன்னு சொன்னவதானே நீ," என்றார். "இப்ப விசாரணைக்கு அதுதான் வேணுமாக்கும்."

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு உருண்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு மாடி ஏறினேன். அறைக்குள் ஒரு மேசை, ஒரு இரும்புப் பீரோ, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்ட அதிகாரி. எதிரே பெரியவர் முப்பது வருஷத்து டைரிகளை மடியில் அடுக்கி வைத்திருந்தார். அதிகாரி ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை.

"நீங்க யாரு?"

"கார் கம்பெனி சார். புகார்ப் பிரிவு."

"கீறல் இவர் போட்டது இல்லைன்னு கடிதம் கொண்டு வந்திருக்கீங்களா?"

"சீல் கிடைக்கலை. அதனால இவளைக் கொண்டு வந்தேன்," என்று உருண்டையை மேசைமேல் உட்கார வைத்தேன். அவள் முதல் வேலையாக அதிகாரியின் ரப்பர் ஸ்டாம்பை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"யாரிது?"

"அந்தப் போட்டோல வயித்துக்குள்ள இருக்கறவ."

அதிகாரி கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். போட்டோவில் கதவில் தெரிந்த கட்டத்தைப் பார்த்தார். கவுனில் இருந்த கட்டத்தைப் பார்த்தார்.

"வயசு?"

"ஒண்ணு முடிஞ்சு ரெண்டு மாசம்."

"வண்டி விட்டது போன மாசம் பதினெட்டு," என்று சொல்லிக்கொண்டே விரல் விட்டு எண்ணினார். ஒரு கை போதவில்லை. பாதியில் நிறுத்திவிட்டு ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். போட்டோ என்றைக்கு எடுத்தது, யார் தேய்த்தது எல்லாவற்றையும் பூசி மெழுகாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெரியவர் பேரிலிருந்த அறிக்கையை அதிகாரி குறுக்கே அடித்தார். டைரிகளை இறுக்கிப் பிடித்திருந்த பெரியவர் கை தளர்ந்தது.

"உங்க கம்பெனிக்கு இது தெரியுமா?"

"சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சிடும் சார்."

"இவர் உங்களுக்கு உறவா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு வேலையைக் கெடுத்துக்கிட்டு வந்தீங்க?"

"இதே போட்டோவை இதுக்கு முன்னால எட்டுப் பேருக்கு அனுப்பினேன். எல்லாரும் கீறலைத்தான் பாத்தாங்க, நானும் அப்படித்தான். இவர் ஒருத்தர்தான் பிள்ளை நல்லபடியா பொறந்துதான்னு கேட்டார்."

அதிகாரி பேனாவை மூடப் போனவர், மூடவில்லை. "எட்டுப் பேர்ல லைசென்சுக்காக இங்க வந்தவங்க யாராவது உண்டா?"

"ஒருத்தர் பள்ளிக்கூட வேன் ஓட்டுறவர் சார்." பெயரை எதையும் பார்க்காமலே சொன்னேன்.

அவர் எழுந்து பீரோவைத் திறந்து நடுத்தட்டில் தேடினார். அப்புறம் கீழ்த்தட்டில் குனிந்து ஒரு ஃபைலை எடுத்து வந்து மேசைமேல் பிரித்தார். மேல்தாளில் சிவப்பில் 'ரத்து' என்று முத்திரை. அதற்கு அடியில் நாலாவது கடிதம், கடிதத்தோடு சேர்த்துப் பின் அடித்த போட்டோ.

உருண்டை ஸ்டாம்பைப் போட்டுவிட்டுத் தவழ்ந்து வந்தாள். கீறலை அவள் பார்க்கவே இல்லை. கறுப்புக் கதவின் நடுவில் விரலை வைத்து, "அம்மா," என்றாள்.

பெரியவர் டைரிகளைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளை விழாமல் பிடித்துக்கொண்டார். நான் இன்னொரு வெள்ளைத்தாள் கேட்டேன்.