புதன்கிழமை வரை நின்ற கோட்டை

2008ஆம் ஆண்டு ஐப்பசி முதல் ஞாயிறன்று, ஸ்பெயின் நாட்டுக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு கோட்டையும், அதன் காலடியில் இருந்த ரோமாபுரி காலத்துக் கல் அரங்கமும், முன்னால் கொஞ்சம் நீலக்கடலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் பின்புறக் காலி மனையில் வந்து இறங்கின. காலையில் வரும், மாலை ஆறு மணிச் சங்குக்குக் கிளம்பிவிடும், அடுத்த ஞாயிறு மறுபடி வரும். ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவுக்கு ஐந்து ரூபாய், கோட்டைக்குள் நுழைய இலவசம். சுற்றிலும் அடைமழை கொட்டினாலும் மேற்படி இடத்தில் மட்டும் ஸ்பெயின் வெயில்தான் அடித்தது. பெரியபாளையத்தில் வேண்டுதல் முடித்தவர்கள்கூட இதையும் ஒரு எட்டு பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார்கள். பழவேற்காட்டு நியாஸ் பாய் குடும்பத்தோடு வந்து, வாசல் வளைவில் கோட்டையைக் கட்டிய அரபு ராஜாக்கள் செதுக்கியிருந்த எழுத்தைக் கேட்டவர்களுக்கெல்லாம் சளைக்காமல் வாசித்துச் சொன்னார்.

பார்க்காதவள் மேரி ஒருத்திதான். அவள் பேக்கிங் வேலை பார்த்த பல்பு கம்பெனிக்கு, அந்த வருஷத்து மின்வெட்டில் வார விடுமுறை புதன்கிழமை என்று முறை விழுந்திருந்தது. ஞாயிறு லீவு கேட்டால் சூப்பர்வைசர் சுப்பராயன், "ஸ்பெயின் எங்கம்மா ஓடிடப் போவுது?" என்பார். கம்பி ஆலையில் இருந்த அவள் புருஷன் எட்வர்டுக்கு ஞாயிறு விடுமுறை. வாராவாரம் போய் வந்தான். சொல்லத்தான் தெரியவில்லை.

"இன்னாய்யா பாத்த?"

"கல்லு மேரி. கல்லு மேல கல்லு."

"அதுக்காய்யா சோறு கட்டிக்கினு போன? கல்யாணம் ஆன நாளா ஒரு வேளாங்கண்ணி கூட்டிக்கினு போல. சீமையே வாசல்ல வந்து நிக்குது, அதுவும் எனக்குக் குடுத்து வைக்கல."

கார்த்திகையில் ஒரு ஞாயிறு பிற்பகல், கோட்டை வாசல் காவலர் பாக்கோ கையை விரித்து எல்லோருக்கும் ஜாடை காட்டினார்: இன்றோடு சரி, இனி வராது. எட்வர்டுக்கு மேரி ஞாபகம் வந்தது. மறு யோசனை இல்லாமல் தோளில் கிடந்த துண்டை உதறி, கல் அரங்கத்தில் கடலைப் பார்த்த நல்ல இடமாகப் பார்த்துப் போட்டான். பஸ்ஸில் ஜன்னல் வழியாகப் போடுவது போலத்தான். பிறகு வீட்டுக்குப் போய்விட்டான்.

சங்கு ஊதியது. கோட்டை ஒரு முழம் எழும்பியது, ஆடியது, மறுபடி உட்கார்ந்துவிட்டது. பாக்கோ காரணத்தைத் தேடித் துண்டைக் கண்டுபிடித்து எடுக்கப் போனார். படிக்கட்டு முழுக்க ஒரே குரல்: "சார், சார், ஆள் வருது சார்! துண்டு போட்டுக்கீது, தெரில?" போட்ட துண்டை எடுக்கிற பழக்கம் அந்தப் பக்கத்தில் யாருக்கும் இல்லை. பாக்கோவும் கையை இழுத்துக்கொண்டார். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் சிப்காட் வாசல் கடையில் பரோட்டா சாப்பிட்டார். சால்னா இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.

புதன்கிழமை மேரி கோயிலுக்குக் கட்டும் புடவையில், எலுமிச்சம்பழச் சோற்றோடு வந்தாள். எட்வர்ட் மட்டம் போட்டிருந்தான். வளைவுகளையும் தூண்களையும் தொட்டுத் தொட்டு நடந்தவள், மேல் மதிலில் நின்று கடலை ஆசை தீரப் பார்த்தாள். அப்புறம் அவனைக் கிள்ளினாள். "கல்லாம், கல்லு. வாய் கூசாம சொன்ன பாரு!"

கீழே வந்து அவள் துண்டை மடித்து எட்வர்ட் தோளில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். இனிக் கோட்டை தாராளமாகப் போகலாம். சங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அப்போது பாக்கோ தயங்கித் தயங்கி வந்து, தன் தொப்பியைக் கழற்றி அவளுக்குப் பக்கத்து இடத்தில் வைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மாடிப் படி ஏறினார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து வாசலிலேயே நின்றவர், மேலே ஏறிப் பார்த்ததில்லை. அவருக்கும் புதன்கிழமைதான் விடுமுறை.

உட்கார இடம் தேடி வந்த ஒருவர் தொப்பியைக் காட்டி, "இது யாருதும்மா?" என்றார்.

"வாச்மேன் அண்ணனுது. மேல சுத்திக்கினு கீறாரு. பாவம், நெதானமா பாக்கட்டும்" என்றாள் மேரி.

அன்றும் கோட்டை கிளம்பவில்லை. ஷேர் ஆட்டோக்காரர்கள் வியாழக்கிழமைக்கும் வண்டி போட்டார்கள்.